கைப்பிடிச் சோறு

பவுனம்மாள் மருமகளின் தாடையை இறுக்கிப் பிடித்து, வாய்க்குள் இரண்டு விரலை விட்டுச் சோற்றைத் தோண்டி எடுத்தாள்.

விடிந்து கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது. காத்திவாக்கம் குப்பத்துக் கூரைகளுக்கு மேலே அடுப்புப் புகை அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. வலைக் குவியலுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, பழைய சோற்றில் ஒரு கைப்பிடி எடுத்துச் சத்தம் வராமல்தான் மென்றாள் மங்கை. ஆனாலும் மாமியார் காதுக்கு எட்டிவிட்டது.

"துப்புடி... துப்பு. புருசனும் கொழுந்தனும் தண்ணி மேல கீறாங்க. நீ இங்க ஒளிஞ்சிகினு கொட்டிக்கிறியா? யாரு குடியக் கெடுக்க?"

"ஒரு வாய்தான் அத்தே..."

"ஒரு வாயோ ஒம்போது வாயோ. கட்டுமரம் கரை சேர்ற வரைக்கும் பொம்பள வாயில பருக்கை படக் கூடாது. என் மாமியா எனக்குச் சொன்னா, நான் உனக்குச் சொன்னேன். என் ஆயுசுல ஒரு நாள் துன்னிருப்பனா நான்? பச்சத் தண்ணி பல்லுல பட்டிருக்குமா?"

சொல்லிக்கொண்டே கையில் கிடைத்த அகப்பையால் போட்டாள். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது உதட்டில். ரத்தம் சோற்றோடு சேர்ந்து மோவாயில் வழிந்தது.

'அப்படியிருந்தும் கடலுக்குப் போன மாமா திரும்பி வரலியே அத்தே' என்ற கேள்வி மங்கையின் நாக்கு நுனிவரை வந்தது. ரத்தத்தோடு சேர்த்து அதையும் விழுங்கிக்கொண்டாள்.

மங்கை அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது வயது பதினாறு. நல்ல வாட்டசாட்டமான உடம்பு. மீன் கூடை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையில் ஏற்றினால் திருவொற்றியூர் மார்க்கெட் போய்த்தான் இறக்குவாள். 'கோதண்டம் பொண்டாட்டி நடந்து வந்தா தேர் வர்ற மாதிரி கீது' என்று குப்பமே சொல்லும். பவுனம்மாளுக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் பெருமை வேறு, பானை வேறு. மரம் கரைக்கு வர மத்தியானமாகும், சில நாள் பொழுது சாயும். அதுவரை வெறும் வயிறு. கோதண்டம் சாப்பிட்டு, அப்பன் முகத்தைப் பார்க்காமலே பிறந்த அவன் தம்பி செல்வம் சாப்பிட்டு, அதற்கப்புறம் பானையடியில் ஒட்டியிருப்பதுதான் மங்கைக்கு. யுத்தத்தின்போது ரேஷன் அரிசியில் அதுவும் இருக்காது. "அண்ணி, இன்னும்" என்று ஆறு வயசுப் பிள்ளை தட்டை நீட்டினால் தன் பங்கையும் வழித்துப் போட்டுவிடுவாள். அவளுக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை. செல்வந்தான் பிள்ளை.

பதினாலு வருசம் இப்படிக் காய்ந்த வயிறு தன்னையே தின்ன ஆரம்பித்தது. போன தை மாசம் ரத்தமாய் வாந்தி எடுத்தாள். கோதண்டம் ரயிலேற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். புண் முற்றிவிட்டது, விட்டால் ஓட்டை விழும் என்று இரைப்பையில் பாதிக்கு மேல் அறுத்து எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ரோஸ்மேரி என்கிற நர்சம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"உன் வயிறு இனிமே ஒரு தேங்காய் மூடி அளவுதாம்மா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒரு பிடி சாப்பிடணும். ஒரேயடியா சாப்பிடக் கூடாது, பட்டினியும் கிடக்கக் கூடாது. சோத்தோட தண்ணி குடிக்காதே. வெல்லம், சக்கரை தொடவே தொடாதே. தொட்டா வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும், மயங்கி விழுந்துடுவே. ஐயா, நீங்களும் கேட்டுக்குங்க."

கோதண்டம் கேட்டுக்கொண்டான். ரயிலில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசினான்.

"பாதி வயிறு இல்லன்னு தெரிஞ்சா ஊரு நாறடிச்சிடும்மே. அம்மா எனக்கு வேற பொண்ணு பாக்கக் கெளம்பிடும். கட்டி இருந்துது, கீறி எடுத்துட்டாங்கன்னு சொல்லிக்கலாம். நீ வாயத் தொறக்காத. மறைச்சி துன்னுக்கோ."

அவள் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

முதுகுவரை துளைத்த அந்த எரிச்சல் போய்விட்டது, அது வாஸ்தவம். பல வருசத்துக்கப்புறம் மங்கை முழுத் தூக்கம் தூங்கினாள். ஆனால் உடம்பு இறங்கிக்கொண்டே போயிற்று. மணிக்கட்டில் இருந்த வளையல் முழங்கைக்கு ஏறியது. ரவிக்கை இரவல் வாங்கினதுபோல் தொங்கியது. தலைவாரினால் முடி கொத்தாக வந்தது. ஒற்றைக் கூடையைத் தூக்கிக்கொண்டு நாலு தந்திக்கம்பம் நடந்தால் ஐந்தாவதில் உட்கார வேண்டும். தேர் என்று சொன்ன அதே வாய்கள் இப்போது ஈர்க்குச்சி என்றன. "புள்ளையுந்தான் இல்ல, இப்ப சதையும் இல்லாத பூட்டா" என்று பவுனம்மாள் தெருக் குழாயடியில் அவள் காதில் விழும்படியே சொன்னாள்.

உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மங்கை முற்றத்தைக் கூட்டினாள். சோறு போனதைவிட வேறொன்று அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

கட்டுமரம் கரையேறினால் கட்டைகளைப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். மறுபடி கடலுக்குப் போகும்போது சேர்த்துக் கயிற்றால் இறுக்குவார்கள். அந்த வீட்டில் இறுக்குவது செல்வத்தின் வேலை. அன்று விடிகிற கருக்கலில் தண்ணிக் கலயத்தை எடுத்துக்கொண்டு கரைக்குப் போன மங்கை, அவன் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தாள். உப்புக் குடித்து நார் நாராய்ப் பிரிந்த பழைய கயிறு. அவன் வாயில் சாராய நாத்தம்.

"புதுக் கவுறு எங்கடா?"

செல்வம் தலையைக் குனிந்தான். ஓடைக்கு அந்தப்பக்கம் திருட்டுத்தனமாய்க் காய்ச்சுகிறவனிடம் கொடுத்துவிட்டு ஒரு குப்பி வாங்கிக் குடித்திருந்தான்.

"கால்ல விழறேன் அண்ணி. அண்ணங்கிட்ட சொல்லிடாத. இன்னொரு தபா குடிச்சா வெட்டிப் போட்டுடுவேன்னு சொல்லிகீது. இன்னிக்கி ஒரு நாள் தாங்கும் அண்ணி."

கோதண்டம் சொன்னால் செய்கிறவன். மங்கை கயிற்றைப் பார்த்தாள். தான் ஊட்டி வளர்த்த முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வெயில் ஏறுவதற்குள் கரையிலிருந்து கூச்சல் வந்தது.

மரம் பிரிந்துவிட்டது. கரைக்குத் திரும்பும்போது அலை உடைகிற இடத்தில் கயிறு அறுந்து, கட்டைகள் நாலு பக்கமும் சிதறி, அதில் ஒன்று செல்வத்தின் கையை முறித்துவிட்டது. வலை போயிற்று, பாய் போயிற்று. பின்னால் வந்த லூயிஸின் மரத்தில்தான் அண்ணனும் தம்பியும் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கோதண்டத்தின் கண் இரண்டும் மிளகாயாய்ச் சிவந்திருந்தது. மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது.

பவுனம்மாள் மணலில் விழுந்து புரண்டாள். பிறகு எழுந்து மருமகளைப் பிடித்து எல்லாருக்கும் நடுவில் தள்ளினாள்.

"இவளைக் கேளுங்க. விடிஞ்சதும் விடியாததுமா இவ இன்னா பண்ணான்னு இவளைக் கேளுங்க. வலைக்குப் பின்னால குந்திகினு சோறு துன்னா. வாய்க்குள்ள கைய வுட்டு நான் எடுத்தேன். என் ரெண்டு புள்ளைங்களையும் கடலுக்குக் குடுக்கப் பாத்தா."

சுற்றி நின்ற பொம்பளைகள் வாயில் கை வைத்தார்கள். கோதண்டம் மனைவியைப் பார்த்தான். அவள் ஏன் தின்றாள் என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான். ஆனால் கடல் அவன் மூச்சை அடக்கி, மரத்தைப் பறித்து, ஊர் முன்னால் வெறுங்கையோடு நிறுத்தியிருந்தது. யார் மேலாவது இறக்கி வைக்காவிட்டால் அந்தக் கோபம் அவனையே தின்றுவிடும்போல் இருந்தது. ஓங்கி ஒரு அறை விட்டான். மங்கை சுருண்டு விழுந்தாள்.

"அடிச்சா ஆச்சா?" என்றாள் பவுனம்மாள். "கங்கையம்மா முன்னாடி நிக்கட்டும். பானகம் குடிக்கட்டும்."

அது குப்பத்து வழக்கம். கடலில் ஒரு வீட்டு ஆண்களுக்குக் கெடுதல் வந்து, வீட்டுப் பொம்பளை மேல் சந்தேகம் விழுந்தால், கரையோரத்துக் கங்கையம்மன் கல் முன்னால் ஈரத் துணியோடு நிறுத்தி ஒரு சொம்பு பானகம் கொடுப்பார்கள். குற்றமில்லாதவளுக்கு அது குளிர்ச்சி. குற்றமுள்ளவளை அம்மன் அங்கேயே தள்ளிவிடுவாள்.

வெல்லத்தைக் கரைக்கிற சத்தம் மங்கைக்குக் கேட்டது. குடித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். குடிக்க மாட்டேன் என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். கட்டின துணியோடு வெளியே போக வேண்டியதுதான். வயிற்றைப் பற்றிச் சொன்னால் சத்தியம் போகும். கயிற்றைப் பற்றிச் சொன்னால் செல்வத்தின் தலை போகும். அவள் கோதண்டத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தை... 'நாந்தான் துன்னச் சொன்னேன்' என்று ஒரே ஒரு வார்த்தை.

கோதண்டம் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மங்கை சொம்பை வாங்கி மூச்சு விடாமல் குடித்தாள்.

ஏற்றின கற்பூரம் எரிந்து அடங்கி, பெண்கள் குலவை போட்டு முடித்தார்கள். அதற்குள் அவள் நெற்றியில் முத்து முத்தாய் வேர்த்தது. நெஞ்சு விலா எலும்பில் வந்து இடித்தது. கோயில் கல் தூரத்தில் போய்ப் போய் வந்தது. விழக் கூடாது, விழக் கூடாது என்று கால் விரலை மணலில் ஊன்றிப் பார்த்தாள். முழங்கால் மடங்கி அப்படியே சாய்ந்தாள்.

"பாத்தீங்களா? அம்மா காட்டிட்டா" என்று பவுனம்மாள் கத்தினாள்.

வேப்பங்கொத்தால் முதலில் அவள்தான் அடித்தாள். இலையெல்லாம் உதிர்ந்து வெறும் மிலாறு ஆனபிறகும் நிறுத்தவில்லை. முதுகு, கழுத்து, காது என்று எங்கே விழுகிறதென்று பார்க்கவில்லை. கோதண்டம் மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மணலில் வீசினான். விலாவில் உதைத்தான். மங்கை ஒரு சத்தமும் போடாமல் இரண்டு கையாலும் வயிற்றை மட்டும் பொத்திக்கொண்டாள். இழுத்த இழுப்பில் ரவிக்கை கிழிந்தது. நெஞ்சுக் குழியிலிருந்து தொப்புள் வரைக்கும், சாக்குப் பையைக் கோணி ஊசியால் தைத்ததுபோல் ஒரு தழும்பு ஊருக்கே தெரிந்தது.

பவுனம்மாளின் கை அந்தரத்தில் நின்றது. கட்டி கீறினதற்கு இவ்வளவு நீளமா?

கோதண்டம் இன்னொரு உதைக்குக் காலைத் தூக்கினான். அப்போது செல்வம், முறிந்த கையை மறுகையால் ஏந்திக்கொண்டு, அண்ணன் மேல் வந்து விழுந்தான்.

"ஒதைக்காத. அண்ணிய ஒதைக்காத. சோறு இன்னா பண்ணும்? நாந்தான். கவுத்தை வித்துக் குடிச்சிட்டு நைஞ்ச கவுத்துல கட்னது நாந்தான். அண்ணி பாத்துது. பாத்துட்டும் என்ன காட்டிக் குடுக்கல. இவ்ளோ அடிக்கும் காட்டிக் குடுக்கல."

கூட்டம் மங்கையை விட்டுச் செல்வத்தின் பக்கம் திரும்பியது.

கோதண்டம் குனிந்து கரையில் கிடந்த துடுப்பை எடுத்தான். யாரும் தடுக்கப் போவதற்குள் இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கிவிட்டான். அந்த அடி விழுந்திருந்தால் செல்வம் அங்கேயே போயிருப்பான். விழுந்தது மங்கை மேல். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கொழுந்தனைப் பின்னால் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். துடுப்பு அவள் இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் லூயிஸ் நின்ற இடம்வரை கேட்டதாக அவன் பிறகு சொன்னான்.

அவள் விழவில்லை. வியர்வையும் ரத்தமும் வழிய நின்றபடி புருசன் முகத்தைப் பார்த்தாள்.

"போதும்யா. எல்லாம் அடிச்சாச்சி. நான் சத்தியத்த மீறல. இப்ப நீ சொல்லு. நர்சம்மா இன்னா சொன்னாங்க?"

துடுப்பு அவன் கையிலிருந்து நழுவியது.

"சொல்லுயா. எத்தினி வேளை துன்னச் சொன்னாங்க? வெல்லம் துன்னா இன்னா ஆவும்னு சொன்னாங்க? கேட்டுகினு தான நின்ன?"

கோதண்டம் மண்டியிட்டான். வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. பாதி வயிறு இல்லாததைச் சொன்னான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பிடி என்பதைச் சொன்னான். தித்திப்பு பட்டால் நல்லவளோ கெட்டவளோ மயங்கித்தான் விழுவாள் என்பதைச் சொன்னான்.

"தெரிஞ்சேதான் பாத்துகினு இருந்தேன்" என்றான். "எனக்கு அவமானமா பூட்சி."

பவுனம்மாள் அவன் சொன்னதைக் கேட்டாளோ இல்லையோ. அவள் செல்வத்தின் பக்கம் நகர்ந்து போய் அவன் சட்டையைப் பற்றினாள்.

"டேய்... கவுறுதானா? நெசமாவே கவுறுதானா? சோறு இல்லியா?"

"கவுறுதாம்மா."

அவள் கையில் மிச்சமிருந்த மிலாறைக் கீழே போட்டாள். அப்படியே மணலில் உட்கார்ந்தாள். பேசியது யாரிடம் என்று தெரியவில்லை.

"நீ என் வயித்துல ஆறு மாசம். மூணு நாளா மழ, வூட்ல ஒண்ணும் இல்ல. நாலாம் நாள் உங்கப்பன் போனான். எனக்குக் கண்ண இருட்டிகினு வந்துது. பானையில ஒரு கைப்பிடி பழையது இருந்துது. துன்னுட்டேன். யாரும் பாக்கல. பொழுது சாய்ஞ்சிது, அவன் வரல. நாந்தான் துன்னு கொன்னுட்டேன்னு... இருவது வருசம்டா. அன்னிக்கி அவன் கட்டிகினு போனதும் பழைய கவுறுதான். புதுசு வாங்கணும் வாங்கணும்னு சொல்லிகினே இருந்தான்."

கூட்டத்தில் வயசான பொம்பளைகள் சிலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவரவருக்கு ஒரு கைப்பிடி இருந்திருக்கும்.

மங்கை மெதுவாக மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நல்ல கையால் அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"உனக்குப் பசிச்சிது அத்தே. அவ்ளோதான்."

பவுனம்மாள் அப்போதுதான் அழுதாள். இருபது வருசம் கட்டி வைத்திருந்ததெல்லாம் உடைந்து வந்தது. அழுதுகொண்டே தன் முந்தானையை அவிழ்த்து மருமகளின் திறந்த வயிற்றை மூடினாள். அந்தத் தழும்பின்மேல் கையை வைத்து, "நான் இதையா அடிச்சேன்... நான் இதையா அடிச்சேன்..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எலும்பு கட்டுகிற கலீலுல்லா பாய் மூங்கில் பத்தையும் முட்டையுமாய் வந்தார். இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "ஒரே வூட்ல, ஒரே நாள்ல ரெண்டு எலும்பா? கடல்ல ஒடஞ்சது எது, வூட்ல ஒடஞ்சது எதுன்னு சொல்லுங்க. கடல்ல ஒடஞ்சது சீக்கிரம் சேந்துக்கும்" என்றார். கோதண்டம் எழுந்து கடல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

நாற்பது நாள் மங்கை அவனோடு பேசவில்லை. சோறு வைப்பாள், தண்ணி வைப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். அவன் குப்பத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய், தன் பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள், தான் என்ன செய்தான் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தான். யாரும் போகச் சொல்லவில்லை. செல்வம் கட்டுப்போட்ட கையோடு அண்ணிக்குத் தண்ணி இறைத்துக் கொடுத்தான். சாராயம் காய்ச்சுகிற பக்கம் அவன் போகவில்லை. போனால் பார்க்கிற கண் குப்பம் முழுக்க இருந்தது.

ஆவணி கடைசியில் புது மரம் இறங்கியது. இரவல் கட்டை, புதுக் கயிறு. அண்ணனும் தம்பியும் கட்டி முடித்து நிமிர்ந்தபோது, மங்கை கரைக்கு வந்திருந்தாள். பொம்பளை மரத்தைத் தொடுவது வழக்கமில்லை. அவள் ஒவ்வொரு முடிச்சாகப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். யாரும் தடுக்கவில்லை. மூன்றாவது முடிச்சில் கை நின்றது.

"இது ஆவாது. அவுத்துக் கட்டுயா" என்றாள்.

நாற்பது நாளில் அவள் அவனிடம் சொன்ன முதல் பேச்சு அதுதான். கோதண்டம் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு உட்கார்ந்து, அவிழ்த்து, மறுபடி கட்டினான். அவள் இழுத்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மரத்தைத் தள்ளினான்.

வீட்டுக்கு வந்தபோது பவுனம்மாள் வாசலிலேயே, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தாள். முன்னால் பழையது, கருவாட்டுத் துண்டு ஒன்று. தண்ணிச் சொம்பைத் தூரத் தள்ளி வைத்திருந்தாள்.

"குந்து. மெல்ல மென்னு துன்னு. அவசரம் ஒண்ணும் இல்ல."

மங்கை ஒரு பிடி எடுத்தாள். பாதி மென்றவள் நிமிர்ந்தாள்.

"நீ துன்னல அத்தே?"

பவுனம்மாள் கடலைப் பார்த்தாள். மரம் அலை உடைகிற இடத்தைத் தாண்டிச் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் கை பானைக்குள் போயிற்று, தயங்கிற்று, ஒரு கைப்பிடியோடு வெளியே வந்தது. மங்கை அந்தக் கையைப் பிடித்து அவள் வாய்வரை கொண்டுபோனாள்.

இரண்டு பேரும் மென்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரம் சின்னதாகிச் சின்னதாகி, கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.